ஆர்க்டிக்கில் வல்லரசுகளின் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடதுருவப் போட்டியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் தீட்டுகின்றன: பனி உருகுகிறது, அடியில் புதையல் இருக்கிறது, வல்லரசுகள் முண்டியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் படத்தில் பாதி சரி. மற்றப் பாதியைத் திருத்த வேண்டியிருப்பதால், வழக்கமாக எழும் ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தந்திருக்கிறோம்.

ஆர்க்டிக் என்பது எது? அண்டார்டிகாவுக்கு இருப்பதுபோல் அதற்கும் ஓர் உடன்படிக்கை உண்டா?

அண்டார்டிகா கடல் சூழ்ந்த நிலம். ஆர்க்டிக் நிலம் சூழ்ந்த கடல். அரசியல் வேறுபாடு அனைத்தும் இதிலிருந்தே பிறக்கிறது. நிலையான குடிமக்கள் எவரும் இல்லாத அண்டார்டிகாவின் மீது நாடுகள் கோரிய உரிமைகளை 1959ஆம் ஆண்டு உடன்படிக்கை அப்படியே நிறுத்தி வைத்தது. ஆர்க்டிக்கில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள், நகரங்களும் துறைமுகங்களும் சுரங்கங்களும் இருக்கின்றன, நிலம் முழுவதும் ஏதேனும் ஒரு நாட்டுக்கு உரியதாகவே இருக்கிறது. ரஷ்யா, கனடா, அமெரிக்கா, நார்வே, டென்மார்க், சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய எட்டும் ஆர்க்டிக் நாடுகள். இவற்றுள் அமெரிக்கா அலாஸ்காவாலும், டென்மார்க் கிரீன்லாந்தாலும் அந்தத் தகுதியைப் பெறுகின்றன. ஐஸ்லாந்தின் நிலையோ இன்னும் மெல்லியது. ஆர்க்டிக் வட்டக்கோடு அதன் கிரிம்சே என்னும் சிறு தீவை மட்டுமே தொட்டுச் செல்கிறது. ஆர்க்டிக்குக்கென்று தனி உடன்படிக்கை இல்லை. கடலைப் பொறுத்தவரை உலகம் முழுமைக்கும் பொதுவான, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையே அங்கும் செல்லும்.

போட்டி இப்போது ஏன் சூடுபிடித்திருக்கிறது? பனி உருகுவது மட்டும்தான் காரணமா?

பனி உருகுவது முதன்மையான காரணம்; ஆனால் ஒரே காரணம் அன்று. 1979 முதல் கிடைக்கும் அளவீடுகளின்படி ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில்தான் கடற்பனியின் பரப்பு மிகக் குறைவாக இருக்கும். 1980களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த அந்தச் செப்டம்பர்ப் பரப்பு, 2012இல் ஏறத்தாழ 34 லட்சமாகச் சுருங்கியது. அந்த அளவுக்குக் குறைவாக அதன்பின் எந்த ஆண்டும் பதிவாகவில்லை என்றாலும், 1980களின் நிலைக்குத் திரும்பியதும் இல்லை.

மற்றொரு காரணம் அரசியல். 1987 அக்டோபரில் மூர்மான்ஸ்க் நகரில் பேசிய சோவியத் தலைவர் கோர்பச்சோவ், ஆர்க்டிக் அமைதி மண்டலமாக வேண்டும் என்றார். அதன்பின் முப்பது ஆண்டுக் காலம், உலகின் பிற பகுதிகளில் என்ன நடந்தாலும், வடக்கில் மட்டும் ஒத்துழைப்பு தொடர்ந்தது. 2014இல் கிரிமியா இணைப்பால் தளர்ந்த அந்த ஏற்பாடு, 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ஏறக்குறைய அறுந்தே போனது. பனி உருகியது கதவைத் திறந்தது என்றால், வீட்டுக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது அதே காலத்தில் நடந்தது.

வடதுருவம் யாருக்குச் சொந்தம்?

துருவப் புள்ளிக்கு மேலே உள்ள நீர் எவருக்கும் சொந்தமில்லை; அது பொதுக்கடல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல் வரை அந்த நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம். அதற்கு அப்பால், தன் நிலத்தின் தொடர்ச்சியே கடலடியிலும் நீள்கிறது என்று நிலவியல் சான்றுகளோடு நிறுவினால், கண்டத்திட்டு எனப்படும் அந்த நீட்சியின் மீது அந்த நாடு உரிமை பெறலாம். கடலடி நிலமும் அதில் புதைந்திருப்பவையும் மட்டுமே அந்த உரிமையில் அடங்கும். மேலே உள்ள நீரும் மீனும் அடங்கா.

துருவத்தின் அருகே கடலடியில் ஓடும் லோமனோசோவ் மலைத்தொடர்தான் இங்கே வழக்குக்குரிய சொத்து. அது தன் நிலத்தின் நீட்சி என்று ரஷ்யா சொல்கிறது. கிரீன்லாந்தின் நீட்சி என்று 2014இல் டென்மார்க்கும், தன்னுடைய நீட்சி என்று 2019இல் கனடாவும் ஐ.நா. ஆணையத்திடம் மனுக் கொடுத்தன. அந்த ஆணையம் அறிவியல் பரிந்துரை தருமே தவிர, நாடுகளுக்கு இடையே பங்கு பிரித்துக் கொடுக்காது. எல்லையை அவர்களே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா கடல் சட்ட உடன்படிக்கையில் இன்றளவும் சேராததால், 2023 டிசம்பரில் தன் கண்டத்திட்டின் எல்லைகளைத் தானாகவே அறிவித்துக்கொண்டது.

2007 ஆகஸ்டில் ரஷ்ய ஆய்வாளர் ஆர்த்தூர் சிலிங்காரோவ் குழுவினர் சிறு நீர்மூழ்கிகளில் 4,000 மீட்டருக்கும் கீழே இறங்கி, துருவப் புள்ளியின் கடலடியில் டைட்டானியக் கொடி ஒன்றை ஊன்றினார்கள். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடிய பிறகுதான் “துருவத்துக்கான பந்தயம்” என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே, 2008 மே மாதத்தில், ரஷ்யா, கனடா, அமெரிக்கா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்து கரையோர நாடுகளும் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கூடி, உரிமைக் கோரல்களைச் சட்டத்தின்படியே தீர்த்துக்கொள்வோம் என்று அறிவித்தன. அந்த உறுதிமொழியை எல்லோரும் இதுவரை பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். கொடியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

அப்படியானால் எல்லைத் தகராறுகளே இல்லையா?

உண்டு, அவற்றுள் சில தீர்ந்தும் இருக்கின்றன. பாரென்ட்ஸ் கடலில் நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் நீடித்த எல்லைச் சிக்கல் 2010இல் ஏறத்தாழச் சரிபாதிப் பங்கீட்டோடு முடிந்தது. கனடாவும் டென்மார்க்கும் உரிமை கொண்டாடிய ஹான்ஸ் தீவு ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள மொட்டைப் பாறை. 1980களிலிருந்து, ஒரு தரப்பு வந்து தன் கொடியை நட்டு ஒரு விஸ்கிப் புட்டியை வைத்துவிட்டுப் போவதும், மறு தரப்பு வந்து அதை எடுத்துக்கொண்டு தன் நாட்டுச் சாராயப் புட்டியை வைத்துவிட்டுப் போவதுமாக அந்தச் சண்டை நடந்தது. 2022 ஜூனில் தீவைக் குறுக்கே பிரித்துக்கொண்டார்கள். போஃபோர்ட் கடலில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லைச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

கடலடியில் உண்மையிலேயே அவ்வளவு எண்ணெயும் எரிவாயுவும் இருக்கிறதா?

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 2008இல் வெளியிட்ட மதிப்பீடுதான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. உலகில் இனிமேல் கண்டுபிடிக்கப்பட வேண்டிய எண்ணெயில் சுமார் 13 விழுக்காடும், இயற்கை எரிவாயுவில் சுமார் 30 விழுக்காடும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கலாம் என்று அது கணித்தது. எண்ணெய் மட்டும் ஏறத்தாழ 9,000 கோடி பீப்பாய். இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது கண்டெடுத்த இருப்பு அன்று, மதிப்பீடு. எடுக்க எவ்வளவு செலவாகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இரண்டு, இதில் பெரும்பகுதி எவரும் மறுக்காத 200 கடல் மைல் எல்லைகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே துருவப் புள்ளிக்காக அடித்துக்கொண்டு எடுக்க வேண்டிய புதையல் என்று பெரிதாக எதுவும் இல்லை.

செலவின் பாடத்தைக் கற்றவர்கள் பலர். அலாஸ்காவுக்கு அப்பாலுள்ள சுக்சி கடலில் ஷெல் நிறுவனம் சுமார் 700 கோடி டாலரைக் கொட்டிய பிறகு, 2015 செப்டம்பரில் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியேறியது. மறுபுறம், ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் சபேத்தா துறைமுகத்தையொட்டிக் கட்டிய திரவ எரிவாயு ஆலை 2017 டிசம்பரிலிருந்து ஏற்றுமதி செய்கிறது. ரஷ்யாவின் நோவாடெக் நிறுவனம் பாதிக்குச் சற்று மேல் வைத்திருக்க, பிரெஞ்சு நிறுவனமான டோட்டலும் சீன அரசின் எண்ணெய் நிறுவனமும் தலா 20 விழுக்காடும், சீனாவின் பட்டுப்பாதை நிதியம் 9.9 விழுக்காடும் அதில் பங்கு வைத்தன. எரிவாயு எடுக்கும் கிணறுகள் நிலத்தில் இருப்பதும், கப்பல்கள் ஆண்டு முழுவதும் வந்துபோக ஏற்பாடு செய்ததுமே அந்தத் திட்டம் வென்றதற்குக் காரணம்.

அந்தக் கப்பல்கள் எப்படிப் பனியில் ஓடுகின்றன?

இது சற்று விரித்துச் சொல்லத் தக்கது. யமால் ஆலைக்காகத் தென்கொரியாவில் 15 கப்பல்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். 1,72,600 கன மீட்டர் திரவ எரிவாயுவைச் சுமக்கும். திறந்த கடலில் இவை மற்றக் கப்பல்களைப் போல முன்பக்கமாகவே செல்லும். கனத்த பனி குறுக்கிட்டால், கப்பல் முன்பின்னாகத் திரும்பிக்கொண்டு, பின்பக்கத்தால் பனியை உடைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகும். சுக்கான் என்று தனியாக ஒன்று கிடையாது. வயிற்றுக்கடியில் தொங்கும் மூன்று உந்துகூடுகள் எந்தத் திசைக்கும் சுழலும், அவற்றின் சுழலிகள் பனிக்கட்டியை அரைத்து நீரை விலக்கும். இப்படி இரண்டு மீட்டர் தடிப்புள்ள பனியில்கூட, முன்னே வழிகாட்டும் கப்பல் இல்லாமலே அவை போய்விடும்.

இந்த வகைக் கப்பல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதே ரஷ்யாவின் பலவீனமும் ஆகிறது. குளிர்காலத்தில் அவை எரிவாயுவை பெல்ஜியத்தின் சீப்ரூகே போன்ற துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் கப்பல்களுக்கு மாற்றிவிட்டு உடனே திரும்பி வந்தன. இப்படிக் கைமாற்றி வேறு நாடுகளுக்கு அனுப்புவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச் முதல் தடை விதித்திருக்கிறது. கிடான் தீபகற்பத்தில் எழுந்த அடுத்த ஆலையான ஆர்க்டிக் எல்என்ஜி 2 மீது 2023 நவம்பரில் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. ஆலை ஓடியும் வாங்குவோர் முன்வராத நிலை நீண்ட நாள் நீடித்து, 2025 ஆகஸ்டில்தான் அதன் சரக்கு சீனாவின் பெய்ஹாய் துறைமுகத்தில் இறங்கியது. பூமிக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, கப்பல் யாரிடம் இருக்கிறது, யார் வாங்கத் துணிகிறார்கள் என்பதே இங்கே கணக்கு.

வடகடல் வழி சூயஸ் கால்வாய்க்கு மாற்றாகிவிடுமா?

கிட்டத்தில் ஆகாது. வடகடல் வழி என்பது காரா நீரிணையிலிருந்து பெரிங் நீரிணை வரை ரஷ்யாவின் வடகரையை ஒட்டிச் செல்லும் சுமார் 5,600 கிலோமீட்டர்ப் பாதை. கிழக்காசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குச் செல்லும் தூரத்தை இது மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கும். 2025 இலையுதிர் காலத்தில் சீனாவின் நிங்போவிலிருந்து புறப்பட்ட இஸ்தான்புல் பிரிட்ஜ் என்ற கன்டெய்னர்க் கப்பல், இந்த வழியாகச் சுமார் இருபதே நாளில் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோவை அடைந்தது. வழக்கமான பாதையில் ஒரு மாதத்துக்கு மேலாகும்.

இருந்தும், 2024இல் இந்த வழியில் சென்ற சரக்கு மொத்தம் 3 கோடியே 79 லட்சம் டன் மட்டுமே. 2024க்குள் 8 கோடி டன்னை எட்ட வேண்டும் என்று அதிபர் புதின் வைத்த இலக்கில் இது பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எரிவாயுவும் எண்ணெயும். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் சரக்கு சுமார் 30 லட்சம் டன்தான். செங்கடல் தாக்குதல்களுக்கு முன் சூயஸ் கால்வாய் ஓர் ஆண்டில் 150 கோடி டன்னுக்கு மேல் கடத்தியது.

காரணங்களைக் கப்பல் நிறுவனங்களைக் கேட்டால் தெரியும். கன்டெய்னர் வணிகம் கால அட்டவணையில் ஓடுவது; பனியோ அட்டவணை பார்ப்பதில்லை. சான்னிகோவ் நீரிணை போன்ற இடங்களில் ஆழம் 13 மீட்டர் அளவே என்பதால் பெருங்கப்பல்கள் கரையை விட்டு வடக்கே, பனி மிகுந்த பக்கமாகச் சுற்ற வேண்டும். வழியில் சரக்கு ஏற்றி இறக்கப் பெரிய ஊர்கள் இல்லை. பழுதானால் இழுத்துச் செல்ல ஆள் வர நாளாகும். காப்பீட்டுக் கட்டணம் அதிகம். 2018இல் ஒரு கன்டெய்னர்க் கப்பலை இந்த வழியில் அனுப்பிச் சோதித்துப் பார்த்த மெர்ஸ்க் நிறுவனம், தன் வழக்கமான பாதைகளுக்கு இது வணிக மாற்றாகாது என்று அப்போதே கூறிவிட்டது.

அந்த வழியில் செல்ல ரஷ்யாவின் அனுமதி தேவையா?

தேவை என்கிறது ரஷ்யா. பனி மூடிய கடற்பகுதிகளில் மாசுத் தடுப்புக்காகக் கரையோர நாடு தனி விதிகள் வகுக்கலாம் என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 234ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பற்றிக்கொண்டு, முன்கூட்டி விண்ணப்பம், பனிவழிகாட்டி, பனியுடைப்புக் கப்பலுக்குக் கட்டணம் என்று ரஷ்யா ஒழுங்குமுறை வைத்திருக்கிறது. அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் அதை நடத்துகிறது. வழியிலுள்ள நீரிணைகள் பன்னாட்டுப் போக்குவரத்துக்கு உரியவை, அனுமதி வேண்டியதில்லை என்பது அமெரிக்காவின் வாதம். 1967இல் அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல்கள் இரண்டு வில்கிட்ஸ்கி நீரிணை வழியாகச் செல்ல முயன்றபோது சோவியத் ஒன்றியம் மறுத்ததால் திரும்பிப் போயின. அதன்பின் வாதம் பெரும்பாலும் காகிதத்தில்தான் நடக்கிறது. பனி குறையக் குறைய 234ஆம் பிரிவின் அடிப்படையும் தளரும் என்பது ரஷ்யாவுக்கு ஓர் இக்கட்டு.

இதே வாதத்தை அமெரிக்கா தன் நெருங்கிய நட்பு நாடான கனடாவோடும் நடத்துகிறது. தீவுக் கூட்டத்தினூடே செல்லும் வடமேற்குப் பாதை தன் உள்நாட்டு நீர் என்பது கனடாவின் நிலை. 1969இல் மன்ஹாட்டன் என்ற எண்ணெய்க் கப்பலும் 1985இல் போலார் சீ என்ற பனியுடைப்புக் கப்பலும் கனடாவிடம் முறைப்படி அனுமதி கோராமல் சென்றதில் கசப்பு ஏற்பட்டது. 1988இல், அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் கனடாவின் ஒப்புதலோடு செல்லும், ஆனால் அதனால் எவருடைய சட்ட நிலையும் மாறாது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வடமேற்குப் பாதை விஷயத்தில் கனடாவும், வடகடல் வழி விஷயத்தில் ரஷ்யாவும் ஏறத்தாழ ஒரே வழக்கைப் பேசுகின்றன என்பதை இரு தலைநகரங்களிலும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பனியுடைப்புக் கப்பல்களை ஏன் எல்லோரும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்?

ஏனென்றால் சட்டம் என்ன சொன்னாலும், குளிர்காலத்தில் அங்கே நிற்க முடிந்தவரின் சொல்லே எடுபடும். அணுசக்தியால் ஓடும் பனியுடைப்புக் கப்பல்கள் உலகில் ரஷ்யாவிடம் மட்டுமே உள்ளன; இன்று எட்டு ஓடுகின்றன. முதலாவதான லெனின் இப்போது மூர்மான்ஸ்கில் அருங்காட்சியகமாக நிற்கிறது. புதிய வரிசையின் முதல் கப்பலான ஆர்க்டிகா 2020இல் பணியில் சேர்ந்தது. 173 மீட்டர் நீளமுள்ள அது மூன்று மீட்டர் அளவுப் பனியையும் உடைக்கும்.

அமெரிக்காவின் கனரகக் கப்பலான போலார் ஸ்டார் 1976இல் பணிக்கு வந்தது. அதன் உயிர் அதே வகைப் பழைய கப்பலின் உதிரிப் பாகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதியது கட்டும் திட்டம் பல ஆண்டுகள் பிந்தியதால், தனியாரிடமிருந்து பழைய கப்பல் ஒன்றை வாங்கி, ஸ்டோரிஸ் என்று பெயரிட்டு 2025இல் பணியில் சேர்த்தார்கள். உலகின் பனியுடைப்புக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தது பின்லாந்து. ஆகவே 2024 ஜூலையில் அமெரிக்காவும் கனடாவும் பின்லாந்தோடு சேர்ந்து இத்தகைய கப்பல்கள் கட்ட உடன்பாடு செய்துகொண்டன. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது சரியன்று என்றும் சொல்ல வேண்டும்: ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது, அதன் வணிகமே பனியினூடே நடப்பதால் அதற்குக் கப்பலும் கூடுதலாகத்தான் வேண்டும்.

இராணுவ வகையில் அங்கே பணயம் வைக்கப்பட்டிருப்பது என்ன?

கோலா தீபகற்பம். ரஷ்யாவின் வடகடற்படை செவெரோமோர்ஸ்கைத் தலைமையிடமாகக் கொண்டது. அணு ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிகளின் முக்கியத் தளங்கள் நார்வே எல்லைக்கு அருகிலேயே இருக்கின்றன. எதிரி முதலில் தாக்கினாலும் திருப்பித் தாக்கும் வலிமையை ரஷ்யா இந்த நீர்மூழ்கிகளில்தான் வைத்திருக்கிறது. அவற்றைக் காக்கவே பாரென்ட்ஸ் கடலை ஒரு கோட்டையாக அது கருதுகிறது. பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தின் நாகுர்ஸ்கோயே, கொத்தெல்னி தீவு ஆகிய இடங்களில் பழைய சோவியத் தளங்களைப் புதுப்பித்ததும் இதற்காகவே. அமெரிக்கா, பிரிட்டன், நார்வே ஆகியவற்றின் கவலையோ, அந்த நீர்மூழ்கிகள் கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கிவிடக் கூடாது என்பது.

2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்ததால், எட்டு ஆர்க்டிக் நாடுகளில் ரஷ்யாவைத் தவிர ஏழும் இன்று ஒரே கூட்டணியில் இருக்கின்றன. நேட்டோவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே புதிதாக 1,340 கிலோமீட்டர் எல்லை உண்டானது. நேட்டோ விரிவதைத் தடுக்கப் போர் தொடுத்ததாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பலன் இது.

சீனா ஆர்க்டிக் நாடு இல்லையே. அதற்கு அங்கே என்ன வேலை?

2018 ஜனவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் சீனா தன்னை “ஆர்க்டிக்கை அடுத்துள்ள நாடு” என்று அழைத்துக்கொண்டு, பனிப் பட்டுப்பாதை என்ற திட்டத்தையும் முன்வைத்தது. சீனாவின் வடகோடி 53 டிகிரி அட்சக்கோட்டை ஒட்டியது. இங்கிலாந்தின் மான்செஸ்டரும் அதே கோட்டருகேதான் இருக்கிறது. ஆர்க்டிக் நாடுகள், ஆர்க்டிக் அல்லாத நாடுகள் என்று இரண்டு வகைதான் உண்டு, மூன்றாவது வகை கிடையாது என்று 2019 மே மாதம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் பாம்பியோ பின்லாந்தின் ரோவானியேமியில் கடிந்துகொண்டார்.

சீனாவின் நோக்கம் பெரும்பாலும் வணிகமும் எரிசக்தியும் அறிவியல் அறிவும். மலாக்கா நீரிணையை நம்பியிருப்பதைக் குறைக்கும் ஒரு மாற்று வழி அதற்குப் பயன்படும். தடைகளால் மேற்கத்திய முதலீட்டை இழந்த ரஷ்யாவுக்குச் சீனப் பணமும் சந்தையும் வேண்டும். 2024இல் இரு நாட்டுக் குண்டுவீச்சு விமானங்கள் அலாஸ்கா அருகே சேர்ந்து பறந்தன. கடலோரக் காவல் கப்பல்களும் சேர்ந்து ரோந்து சென்றன. ஆனாலும் தன் வடகரையைத் தன் பிடியில் வைத்திருக்கவே ரஷ்யா விரும்புகிறது. பெய்ஜிங்கைப் பங்காளியாக ஏற்கும் மாஸ்கோ, சாவியைப் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கிரீன்லாந்தை அமெரிக்கா ஏன் கேட்கிறது?

இது புதிய ஆசை அன்று. 1917இல் கரீபியன் தீவுகள் சிலவற்றை டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, கிரீன்லாந்து முழுவதும் டென்மார்க்கின் அதிகாரம் பரவுவதை எதிர்க்க மாட்டோம் என்று அமெரிக்கா எழுதியே கொடுத்தது. அதை மறந்துவிட்டு 1946இல் ட்ரூமன் அரசு 10 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் தருவதாகக் கேட்டுப் பார்த்தது. 2019இல் டிரம்ப் மீண்டும் பேச்செடுத்தார். 2025இல் பதவியேற்றதும் முன்னிலும் கடுமையாக வலியுறுத்தினார்.

பாதுகாப்புக் காரணம் உண்மையானது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏவுகணை பறக்கும் குறுகிய வழி துருவத்தின் மேலாகவே போகிறது. வடமேற்குக் கிரீன்லாந்தின் பிட்டுஃபிக் தளத்திலுள்ள எச்சரிக்கை ரேடார் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தை வைத்துக்கொள்ளத் தீவை வாங்க வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி அமெரிக்கா அங்கே படை வைக்க ஏற்கெனவே விரிவான உரிமை பெற்றிருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் பல தளங்கள் இருந்த தீவில் இன்று ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, குறைத்துக்கொண்டது அமெரிக்காவே. சொந்தமாக்கிக்கொண்டால்தான் காக்க முடியும் என்ற வாதம் இந்த இடத்தில் நொண்டுகிறது.

அருமண் தனிமங்கள் அடுத்த காரணமாகச் சொல்லப்படுகின்றன. தெற்கே நர்சாக் ஊருக்கு அருகிலுள்ள குவானெஃபீல்டு மலையில் பெரிய படிவம் இருக்கிறது. அதோடு யுரேனியமும் கலந்திருப்பதால், 2021 தேர்தல் அந்தச் சுரங்கத்தைப் பற்றிய வாக்கெடுப்பாகவே மாறியது. எதிர்த்த கட்சி வென்று யுரேனியச் சுரங்கத்தைத் தடை செய்தது. சீனாவின் ஷெங்ஹே நிறுவனத்துக்கு அத்திட்டத்தில் பங்கு இருந்தது. வேறிடங்களில் சுரங்கம் தோண்டத் தடையில்லை. ஆனால் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, ஆள் இல்லை. தீவின் மக்கள்தொகை சுமார் 57,000. ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி மீனிலிருந்து வருகிறது. அரசின் செலவில் ஏறத்தாழப் பாதியை டென்மார்க் ஆண்டுதோறும் தரும் மானியம் ஈடுகட்டுகிறது. 2009ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம், விரும்பினால் விடுதலை பெறும் உரிமையைக் கிரீன்லாந்து மக்களுக்குத் தந்திருக்கிறது. விற்க டென்மார்க்குக்கு உரிமை இல்லை என்பதே இதன் பொருள்.

அங்கே வாழும் மக்களிடம் யாராவது கேட்கிறார்களா?

சில மேடைகளில் கேட்கிறார்கள். 1996இல் ஒட்டாவா அறிவிப்பால் தோன்றிய ஆர்க்டிக் கவுன்சிலில் இனுயிட், சாமி உள்ளிட்ட பழங்குடிகளின் ஆறு அமைப்புகளுக்கு நிலையான இடம் உண்டு. அரசுகளோடு ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஆனால் அந்தக் கவுன்சில் இராணுவப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று தொடக்கத்திலேயே விலக்கி வைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு அமர மறுத்ததும் அதன் பணி பல மாதங்கள் முடங்கியது. பின்னர் வல்லுநர் குழுக்களின் அளவில் மட்டும் மெல்ல உயிர் பெற்றது.

பெரிய நாடுகள் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த மக்களுக்கு என்ன நேரும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1953இல், இன்று பிட்டுஃபிக் எனப்படும் தளத்தை விரிவாக்க, அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் குடும்பங்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, கானாக்குக்குப் பெயர்க்கப்பட்டன. 1968இல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த அமெரிக்க விமானம் அந்தத் தளத்தின் அருகே கடற்பனியில் விழுந்தபோது, துப்புரவுப் பணியில் உள்ளூர் மக்களும் ஈடுபட்டார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

நாம் நினைப்பதைவிடப் பழைய பங்கு. ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை நார்வேயின் ஆட்சிக்கு உட்படுத்தி, கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்களுக்கு அங்கே தொழில் செய்யச் சம உரிமை தந்த 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையில், பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இந்தியாவும் இடம்பெற்றது. அந்தத் தீவின் நி-ஓலசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. 2013இல் சீனா, ஜப்பான், சிங்கப்பூர் முதலியவற்றோடு ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் இடமும், 2022 மார்ச்சில் எழுத்து வடிவில் ஓர் ஆர்க்டிக் கொள்கையும் கிடைத்தன.

சென்னைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2014 ஜூலையில் கோங்ஸ்ஃபியோர்டன் என்னும் பனிக்குடாவில், சுமார் 190 மீட்டர் ஆழத்தில், இண்டார்க் என்ற ஆய்வுக் கருவித்தொடர் நங்கூரமிடப்பட்டது. நீரின் வெப்பத்தையும் உப்பளவையும் ஓட்டத்தையும் பனிமூடிய மாதங்களிலும் அது பதிவு செய்கிறது. கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து அதை வடிவமைத்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். ஆர்க்டிக் சூடேறுவது நம் பருவமழையை எப்படிப் பாதிக்கிறது என்பது அந்த ஆய்வுகளின் மையக் கேள்விகளுள் ஒன்று.

வணிகத்தில், 2019இல் அறிவித்த சென்னை–விளாதிவஸ்தோக் கடல்வழி பற்றி அடிக்கடி பேசப்படுகிறது. அதைக் கிழக்கு முனையில் வடகடல் வழியோடு இணைக்கலாம் என்பது எண்ணம். சைபீரியாவின் வாங்கோர் எண்ணெய் வயலில் இந்திய அரசு நிறுவனங்கள் 2016இல் ஏறத்தாழப் பாதிப் பங்கை வாங்கின. பொருளாதாரத் தடைகளின் நடுவே இந்த முதலீடுகளின் பலனை எப்படி எடுப்பது என்பதுதான் புதுதில்லியின் இன்றைய சிக்கல்.

ஒத்துழைப்பு எதுவுமே மிஞ்சவில்லையா?

குறைந்தது இரண்டு ஏற்பாடுகள் மிஞ்சியிருக்கின்றன; இரண்டும் மீனைப் பற்றியவை. துருவத்தைச் சுற்றிய சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர்ப் பொதுக்கடலில், போதிய ஆய்வு நடக்கும் வரை வணிக மீன்பிடிப்பு கூடாது என்று ஐந்து கரையோர நாடுகளோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவையும் 2018இல் உடன்பட்டன. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்த உடன்பாட்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் இன்றும் ஒன்றாகவே இருக்கின்றன.

மற்றொன்று பாரென்ட்ஸ் கடலின் காட் மீன். நார்வேயின் லோஃபோட்டன் கரையில் முட்டையிடும் அந்த மீனின் குஞ்சுகள் கிழக்கே ரஷ்யப் பக்கத்து நீரில் மேய்ந்து வளர்கின்றன. வளராத மீனை ஒரு தரப்பு வாரிவிட்டால் மறு தரப்புக்கு மீனே இருக்காது. அதனால் 1970களில் தொடங்கிய கூட்டு மீன்வள ஆணையம், உக்ரைன் போருக்குப் பிறகும் ஆண்டுதோறும் பேசி ஒதுக்கீட்டை முடிவு செய்கிறது. மீன்வளம் குறைந்திருப்பதால் 2025ஆம் ஆண்டுக்கு அது 3,40,000 டன்னாகக் குறைக்கப்பட்டது. இருதரப்பும் கையெழுத்திட்டன.